மூன்று பேனல்களில் ஒன்று

எங்கள் வீட்டில் எதையும் தேர்ந்தெடுப்பது என் மனைவிதான். இதைப் புகாராகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். சுவருக்கு என்ன நிறம், ஜன்னலுக்கு என்ன திரை, எனக்கு எந்தப் பல் டாக்டர் என்பதெல்லாம் அவள் இலாகா. அவள் தேர்ந்தெடுத்ததைத் தூக்கிக்கொண்டு வருவது என் இலாகா. பல் டாக்டர் விஷயத்தில் மட்டும் பல்லைத் தூக்கிக்கொண்டு போனேன்.

என் வாழ்க்கையில் நானாகத் தேர்ந்தெடுத்தது ஒன்றே ஒன்று. அது என் மனைவி.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் தரகர் எங்கள் வீட்டு மேஜையில் மூன்று போட்டோக்களைப் பரப்பி வைத்தார். முதல் போட்டோவில் இருந்த பெண் கண்டிப்பானவளாகத் தெரிந்தாள். கடைசிப் போட்டோவில் இருந்தவள் என்னைப் பார்த்து இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டவளைப் போல இருந்தாள். மூன்று நாள் யோசித்தேன். யார் பேச்சையும் கேட்கவில்லை. மிச்சமிருந்த போட்டோவை எடுத்து, இந்தப் பெண்தான் என்றேன். பெண் பார்க்கப் போன அன்று ஒரு மாதம் முன்பே வாங்கிப் பத்திரப்படுத்தியிருந்த நீலக் கட்டம் போட்ட புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் நிமிர்ந்து ஒரே ஒரு முறை பார்த்தாள். பார்த்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என் முகத்துக்குக் கிடைத்த முதல் வகுப்பு மதிப்பெண்ணாக இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். வீட்டில் எப்போது மதிப்புக் குறைந்தாலும் அதை எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்வேன்.

கல்யாணத்துக்குப் பிறகு தேர்ந்தெடுக்கும் வேலை எனக்கு வரவே இல்லை. இந்த வருடம்தான் வந்தது. சூரியன் வடிவத்தில் வந்தது.

என் மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ரெடிமேட் துணிக்கடையில் வேலை பார்த்தவள். துணியை இரண்டு விரலால் கிள்ளினாலே அது எத்தனை சலவை தாங்கும் என்று சொல்லிவிடுவாள். முன் அறையில் இரண்டு தையல் மெஷின், துணியின் ஓரம் பிரியாமல் அடிக்க ஒரு ஓவர்லாக் மெஷின். மூன்றுக்கும் மோட்டார் உண்டு. மாலையில் நான் குடிநீர் அலுவலகத்தில் கோப்புகளை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தால், தைத்து முடித்த சட்டைகள் குவியலாகக் காத்திருக்கும். அவற்றை மடித்து அடுக்குவது என் வேலை. மடிப்பதில் உங்களை அடிச்சுக்க ஆள் இல்லீங்க என்று அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கோடையில் தினமும் மதியம் ஒரு மணிக்கு மின்சாரம் போக ஆரம்பித்தது. நான்கு மணிக்குத்தான் வரும். பள்ளி திறக்க ஏழு வாரம் இருந்தது. முந்நூறு பிள்ளைகளுக்குச் சீருடை தைக்க வேண்டும். தாமதமானால் அடுத்த வருடத்திலிருந்து வேலையை ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்துவிடுவோம் என்று பள்ளி நிர்வாகி சொல்லி அனுப்பிவிட்டார். மூன்று மணி நேரம் மெஷின் நின்றால் ஒரு நாளைக்குப் பத்து சட்டை குறையும். காலால் மிதித்துத் தைத்துப் பார்த்தாள். ஒரு வாரத்தில் முட்டி வீங்கியது. கடைசியில், மாடியில் சோலார் போட்டுவிடலாம் என்றாள்.

நான் தலையாட்டினேன். எப்போது போய்த் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டேன்.

"நீங்களே பார்த்து வாங்குங்க" என்றாள்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அறையில் வேறு யாரும் இல்லை.

"நானா?"

"ஏன், நீங்க பார்த்து எடுக்கக் கூடாதா? வாட்டு, வோல்ட்டு எல்லாம் எனக்கு என்ன தெரியும்? துணியா, தொட்டுப் பார்த்துச் சொல்றதுக்கு?"

"அது சரி. இதெல்லாம் கொஞ்சம் டெக்னிக்கல்."

"அதான் சொல்றேன். ஒண்ணு மட்டும் பார்த்துக்குங்க. மூணு மெஷினும் சேர்ந்து ஓடணும். பாதியில நின்னா என் பொழைப்பும் நிக்கும்."

"நிக்காது. நான் எடுத்தா நிக்காது" என்றேன்.

அவள் நான்கு குண்டூசிகளை எடுத்து உதடுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். வாயில் ஊசி இருக்கும்போது அவள் சிரிக்க மாட்டாள். அதற்காகத்தான் வைத்துக்கொண்டாளோ என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாளே இருநூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் ‘சூரியன்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே வைத்து விளம்பரத் தாள்களைப் படித்தேன். வேலையில் இத்தனை ஈடுபாடா என்று மேலதிகாரியே வியந்தார். தாள்களைப் படித்ததில் ஒரு விஷயம் புரிந்தது. உலகத்தில் மட்டமான பேனல் என்று ஒன்று கிடையவே கிடையாது. எல்லாமே உயர்தரம். எல்லாமே வெளிநாட்டுத் தொழில்நுட்பம். எந்த வெளிநாடு என்று மட்டும் ஒன்றிலும் இல்லை. எல்லாவற்றுக்கும் இருபத்தைந்து வருட உத்தரவாதம். ஒரு தாளில் முப்பது வருடம் என்று போட்டிருந்தது. அந்தக் கம்பெனிக்கு வயது எட்டு மாதம்.

ஆலோசனைக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் போனேன். தெருவில் அவருக்குக் கியாரண்டி என்று பெயர். கியாரண்டி அட்டை இல்லாமல் ஒரு சீப்புக்கூட வாங்க மாட்டார். தெருவிலேயே முதலில் சோலார் போட்டவர் அவர்தான். அவருடைய பேனல்கள் இரண்டே வருடத்தில் பழைய செய்தித்தாள் நிறத்துக்கு வந்துவிட்டன. பட்டப்பகலில் ஒரு விளக்கு எரியும், பக்கத்தில் போய்ப் பார்த்தால். ஆனால் இருபத்தைந்து வருட உத்தரவாதப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். அது மட்டும் இன்னும் பளபளப்பாக இருக்கிறது.

கம்பெனியிடம் கேட்டீர்களா என்றேன். கம்பெனி இருந்த இடத்தில் இப்போது முடி திருத்தும் கடை இருக்கிறதாம். பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாராம். அவர்கள் மரியாதையாக உட்கார வைத்து முடி வெட்டி அனுப்பினார்களாம்.

"பத்திரம் இன்னும் இருபத்திமூணு வருஷத்துக்கு செல்லும் சார்" என்றார் கியாரண்டி, விட்டுக்கொடுக்காமல்.

நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

இந்த ஆராய்ச்சி நடந்த வாரத்தில் வீட்டில் ஒழுங்கு கொஞ்சம் குலைந்திருந்தது. முதலில், குளியலறை வாசலில் கிடக்கும் எடை பார்க்கும் மெஷினைக் காணோம். நீங்கள்தான் கடைசியாக ஏறினீர்கள், அந்த அதிர்ச்சியில் எங்கேயாவது போயிருக்கும் என்றாள் மனைவி. அடுத்து, இரண்டு தையல் மெஷின்களில் ஒன்றைக் காணோம். மோட்டார் சூடாகிறது, ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றாள். அதற்கடுத்து, தரையில் சிந்திய ஊசிகளைப் பொறுக்கும் காந்தத்தைக் காணோம். அதை யாராவது ரிப்பேருக்குக் கொடுப்பார்களா? இரண்டு மாலை நான் முட்டி போட்டு விரலால் ஊசி பொறுக்கினேன். கிடைத்த ஊசிகளில் பாதி என் விரலில் இருந்தன. கவனிக்க நேரம் இல்லை. நான் ஒரு வீட்டின் மின்சார எதிர்காலத்தை நிர்ணயித்துக்கொண்டிருந்தேன். வார முடிவில் மூன்று பொருளும் தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிட்டன.

சனிக்கிழமை, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குப் புறப்பட்டேன். நாலைந்து கடைகளைப் பார்க்கத்தான் நினைத்திருந்தேன். முதலில் நம்ம தெருமுனைக் கடையைப் பாருங்களேன், வெயிலில் எதற்கு அலைகிறீர்கள் என்றாள் மனைவி. என் உடம்பின் மேல் அவளுக்கு எப்போதும் அக்கறை உண்டு.

கடைக்காரர் மெலிந்த மனிதர். காதில் பென்சில். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள், மாடி தெற்குப் பார்த்ததுதானே சார் என்று கேட்டார். அனுபவசாலி என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன்.

மூன்று பேனல்களைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

நான் அவசரப்படவில்லை. நோட்டைப் பிரித்தேன். முதல் பேனலைப் பார்த்தேன். விலை குறைவு. விலை குறைவாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். கடைசிப் பேனலைப் பார்த்தேன். கதவு அளவுக்கு இருந்தது. விலை அதற்கும் மேல் இருந்தது. விலை அதிகமாக இருந்தால் எனக்குப் பயம் வரும். மிச்சமிருந்த பேனலை வலப்பக்கம் நின்று பார்த்தேன், இடப்பக்கம் நின்று பார்த்தேன், விரலால் தட்டி ஓசை கேட்டேன். பேனலுக்கு ஓசை கேட்கலாமா என்று நோட்டில் இல்லை. ஆனால் கடைக்காரர் மரியாதையாகப் பார்த்தார்.

"வெயில் ஏறி சூடானா இதோட சக்தி எவ்வளவு குறையும்?" என்று கேட்டேன். பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்த கேள்வி.

அவர் ஒரு எண்ணைச் சொன்னார். அது சரியா தவறா என்று எனக்குத் தெரியாது. புருவத்தைத் தூக்கி, பரவாயில்லை என்றேன்.

அடுத்தது இன்வெர்ட்டர். சூரியன் கொடுப்பதை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி. மூன்று பெட்டிகளை வைத்தார். முதலாவது சின்னதாக, டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது. கடைசியில் இருந்ததில் ஏழு விளக்கும் ஒரு திரையும் இருந்தன. அது எனக்குக் கொஞ்சம் படபடப்பைத் தந்தது. ஏழு விளக்கில் ஒன்று அணைந்தால் எந்த விளக்கு என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? இவ்வளவு சிக்கலான உள்ளமைப்பு வீட்டுக்குத் தேவையில்லை என்று விளக்கினேன். கடைக்காரர் அந்த ஏழு விளக்குப் பெட்டியை ஒரு கையால் அலட்சியமாகத் தூக்கி ஓரமாக வைத்தார். மிச்சமிருந்ததை எடுத்தேன்.

பேட்டரிக்கும் மூன்று. வயருக்கும் மூன்று சுருள். மாடியில் பேனலைத் தாங்கும் ஸ்டாண்டுக்கும் மூன்று மாதிரி. ஒவ்வொன்றிலும் ஆழ்ந்து யோசித்தேன். ஒவ்வொன்றிலும் தக்க காரணத்தோடு ஒன்றைத் தள்ளி, இன்னொன்றை ஒதுக்கி, முடிவுக்கு வந்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. கடைக்காரர் ஒருமுறைகூட இதை எடுங்கள், அதை எடுங்கள் என்று சொல்லவில்லை.

"உங்களை மாதிரி கஸ்டமரைப் பார்த்ததில்லை சார்" என்றார் கடைசியில்.

வீட்டுக்கு வந்து மனைவியை உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். பேனலில் தரம் என்றால் என்ன, இன்வெர்ட்டரில் தரம் என்றால் என்ன, ஏழு விளக்கின் அபாயம் என்ன. அவள் காலர் வெட்டிக்கொண்டே கேட்டாள். நடு நடுவே, அப்படியா என்றாள். இதெல்லாம் நமக்குத் தெரியுமா என்றாள். பேட்டரி கனமா இருந்துச்சா என்று மட்டும் கேட்டாள். பேட்டரியை யாராவது தூக்கிப் பார்ப்பார்களா, அதில் பார்க்க வேண்டியது வேறு என்று சொன்னேன். ஆமாங்க, எனக்கென்ன தெரியும் என்றாள்.

நான்கு நாளில் எல்லாம் பொருத்தியாகிவிட்டது. முதல் நாள் மதியம் அலுவலகத்தில் அரை நாள் விடுப்புப் போட்டேன். முன் அறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு மணி. தெருவில் எல்லா வீட்டு மின்விசிறியும் நின்றது தெரிந்தது. கியாரண்டி வீட்டிலிருந்து வழக்கமான வசவு கேட்டது. எங்கள் வீட்டில் மூன்று மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு தையல்கூடத் தப்பவில்லை. உதவிக்கு வரும் இரண்டு பெண்களும் தலை நிமிரவில்லை. என் மனைவி மட்டும் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, சூடே இல்லீங்க என்றாள்.

நோட்டை எடுத்து, ‘சூடே இல்லை’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

அடுத்த மூன்று வாரங்கள் நான் வாழ்ந்தேன். சீருடைகள் மலையாகக் குவிந்தன. மடித்து மடித்து எனக்கு மணிக்கட்டு வலித்தது. ஆனால் நடையே மாறிவிட்டது. அலுவலகத்தில் யாராவது குடை வாங்கப் போவதாகச் சொன்னால்கூட, எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் சாப்பாட்டுத் தட்டு முதலில் என் முன்னால் வந்தது. முன்பும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது, ஆனால் இப்போதுதான் அதன் காரணம் புரிந்தது போலிருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை கியாரண்டி வந்தார். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட பத்திரம். அதை எங்கள் மேஜையில் வைத்துவிட்டு, குனிந்த தலையோடு சொன்னார்.

"ஒத்துக்கறேன் சார். எனக்குப் பார்த்து வாங்கத் தெரியல. நீங்க வந்து எனக்கு எடுத்துக் கொடுங்க."

ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நோட்டை எடுத்தேன். உள்ளே குரல் கொடுத்தேன், கடைக்குப் போய் வருகிறேன் என்று. மெஷின் சத்தம் ஒரு கணம் நின்றது போல இருந்தது.

"எந்தக் கடைக்குங்க?"

"நம்ம தெருமுனைக் கடைதான். நான் போனாத்தான் அவர் நல்லதை வெளியே எடுப்பார்."

"நாளைக்குப் போகலாமே" என்றாள்.

"தரமான பொருள் காத்திருக்காது" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அதை எங்கே படித்தேன் என்று நினைவில்லை. முப்பது வருட உத்தரவாதத் தாளாக இருக்கும்.

கடையில் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்திரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த கியாரண்டியைப் பக்கத்தில் நிற்க வைத்தேன், கற்றுக்கொள்ளட்டும் என்று. அன்று எனக்குக் காட்டிய அதே மூன்று பேனல்களையும் கொண்டுவாருங்கள், ஏன் அந்த இரண்டைத் தள்ள வேண்டும் என்று இவருக்கு விளக்க வேண்டும் என்றேன்.

கடைக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். திரும்ப அதே காதில் வைத்தார்.

"நீங்க எடுத்தது இருக்கு சார். மத்த ரெண்டும் இல்லை."

"வித்துப்போச்சா?"

"விக்கிற பொருளே இல்லை சார் அது. ஒண்ணு யாரோ திருப்பிக் கொடுத்த பழுது. இன்னொண்ணு மில்லுக்கு அனுப்பறதுக்கு வந்து நின்னது. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் சாய்ச்சு வெச்சேன்."

"எதுக்கு?"

அவர் கியாரண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மனச்சாட்சி உள்ள மனிதர்.

"அம்மா வெக்கச் சொன்னாங்க."

எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. கியாரண்டி கேட்டார்.

அதன் பிறகு கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. என் மனைவி அந்த வாரம் மூன்று முறை வந்திருக்கிறாள். முதல் நாள் எடை மெஷினோடு வந்து, கடையில் இருந்த பேட்டரி ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்திருக்கிறாள். ஒரே அளவு என்று எழுதியிருந்த இரண்டில் ஒன்று கால்வாசி எடை குறைந்ததாம். உள்ளே சரக்குக் குறைவு என்று அதைத் தள்ளிவிட்டாள். கடைக்காரரே அதை மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். பேனலைக் கவிழ்த்து, சட்டத்தின் மூலை நான்கையும் நகத்தால் வருடிப் பார்த்திருக்கிறாள். ஓரம் சரியாக மூடாத சட்டைதான் முதலில் பிரியும், இதுவும் அப்படித்தானே என்றாளாம். முன்னால் இருந்த எண்ணும் பின்னால் ஒட்டியிருந்த எண்ணும் ஒன்றுதானா என்று படித்துப் பார்த்திருக்கிறாள். வயரைத் தன் கத்திரியால் நறுக்கி, தோலை உரித்து, ஊசி பொறுக்கும் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோயிருக்கிறாள். ஒரு வயர் தாவி வந்து ஒட்டிக்கொண்டதாம். செம்பு எங்கேயாவது காந்தத்தில் ஒட்டுமா அண்ணே என்றிருக்கிறாள்.

"இன்வெர்ட்டருக்கு மெஷினையே தூக்கிட்டு வந்துட்டாங்க சார்" என்றார் கடைக்காரர். அவர் குரலில் பக்தி இருந்தது. "ஒவ்வொண்ணுலயும் மாட்டி, ஒரு மணி நேரம் இங்கேயே உட்கார்ந்து தைச்சாங்க. அந்தச் சின்னதுல மோட்டார் உறுமிச்சு, சூடாச்சு. நீங்க எடுத்ததுலதான் சத்தமில்லாம ஓடிச்சு. எனக்கு ரெண்டு திரைச்சீலை தைச்சுக் கொடுத்துட்டுப் போனாங்க."

கடை ஜன்னலில் அழகான திரைச்சீலைகள் தொங்கின. அன்றைக்கும் பார்த்திருக்கிறேன்.

"கியாரண்டி?" என்று கேட்டார் கியாரண்டி.

"அட்டையில இருக்கிற நம்பருக்கெல்லாம் மத்தியானம் ரெண்டு மணிக்கு போன் போட்டாங்க. சாப்பாட்டு நேரத்துல யாரு எடுக்கிறாங்களோ அவங்க பொருளைத்தான் வாங்கணும்னாங்க. ஒரே ஒரு கம்பெனியிலதான் எடுத்தாங்க. அதைத்தான் இந்த சார் எடுத்துட்டுப் போனார்."

கியாரண்டி கண்ணாடிச் சட்டத்தை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

எனக்குக் கேட்க ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. அந்த ஏழு விளக்கு இன்வெர்ட்டர். அதன் சிக்கலான உள்ளமைப்பு.

"அது ஷோகேஸ் டப்பா சார். உள்ளே ஒண்ணும் கிடையாது."

கடைக்காரர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். தையலுக்கு அளவு வெட்டும் பழுப்புத் தாள். ஒரு பக்கம் என் மனைவியின் கையெழுத்தில், கை நீளம் பதினொன்று, தோள் பதினான்கு என்று இருந்தது. திருப்பினேன். பேனல், இன்வெர்ட்டர், பேட்டரி, வயர், ஸ்டாண்டு. ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பெயர். கீழே இரண்டு வரி. மூன்று மூன்றாக வையுங்கள். இதை நடுவில் வையுங்கள்.

நோட்டைப் புரட்டினேன். பேனல், நடுவில் இருந்தது. இன்வெர்ட்டர், நடுவில் இருந்தது. பேட்டரி, வயர், ஸ்டாண்டு. இருநூறு பக்கம் எழுதிய எனக்கு அந்த ஒரு வார்த்தையை எழுதத் தோன்றவில்லை.

"அப்ப நான் வீட்டுல அம்மாகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் சார்" என்றார் கியாரண்டி, என் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்தேன். மின்சாரம் இல்லாத நேரம். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உதவிக்கு வரும் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பழுப்புத் தாளை அவள் முன்னால் வைத்தேன். அவள் அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, ஊசிகளை உதட்டோரம் வைத்தபடி தைத்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்களே பார்த்து வாங்குங்கன்னு சொன்னியே" என்றேன்.

"நீங்கதானே வாங்கினீங்க? நான் வாங்கினேனா?"

"நடுவுல வைக்கச் சொல்லியிருக்கே."

"வைக்கத்தான் சொன்னேன். எடுக்கச் சொன்னேனா? மூணு இருந்துச்சு. நீங்களாப் பார்த்து எடுத்தீங்க."

"நேரா நீயே வாங்கியிருக்கலாமே."

"வாங்கியிருக்கலாம். வாங்கியிருந்தா, இது சரியில்ல, அது சரியில்லன்னு வருஷம் முழுக்கச் சொல்வீங்க. இப்பப் பாருங்க, தெருவெல்லாம் நீங்களே பெருமையாச் சொல்லிட்டு வர்றீங்க. ஏழு வாரத்துல எனக்கு முந்நூறு சட்டை. சண்டை போட நேரம் ஏதுங்க?"

நான் எப்போதும் நடுவில் இருப்பதையே எடுப்பேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே அன்று மதியம்தான் தெரிந்தது. ஆனால் தோற்றவனுக்கும் ஒரு கோட்டை உண்டு. பத்தொன்பது வருடமாகத் துடைத்து வைத்த கோட்டை. அதற்குள் போய் நின்றுகொண்டேன்.

"சரி. பேனல் உன்னோடது, பேட்டரி உன்னோடது. இருக்கட்டும். ஆனா ஒண்ணு மட்டும் யாரும் மாத்த முடியாது. உன்னைத் தேர்ந்தெடுத்தது நான். தரகர் மூணு போட்டோ வெச்சார். யாரையும் கேக்காம நானா எடுத்தேன்."

மெஷின் நின்றது.

நான் பேசும்போது அவள் மெஷினை நிறுத்தியது அதுவே முதல் முறை. வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காந்தத்தில் ஒட்ட வைத்தாள்.

"பொண்ணு பார்க்க வந்தப்ப நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தீங்களே. அது எந்தக் கடையில எடுத்தது, ஞாபகம் இருக்கா?"

யோசித்தேன். கடைத்தெருவில் ஏதோ ஒரு ரெடிமேட் கடை. கவுன்ட்டரில் ஒரு பெண் இருந்தாள், நான் சட்டைகளைத்தான் பார்த்தேனே தவிர அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று சட்டைகளை எடுத்துப் போட்டாள்.

"மூணு சட்டை எடுத்துப் போட்டேன்" என்றாள். "ஒண்ணு மலிவு, ஒண்ணு விலை. நடுவுல நீலக் கட்டம். அந்த மாசம் போகாம கிடந்த சட்டை அது. அரை மணி நேரம் யோசிச்சு அதைத்தான் எடுத்தீங்க. அது எல்லாரும் பண்றதுதான். ஆனா வேண்டாம்னு சொன்ன ரெண்டு சட்டையையும் நீங்களே மடிச்சு, காலரை நேராக்கி, எங்கிட்ட கொடுத்தீங்க. மூணு வருஷம் அந்தக் கடையில நின்னேன். ஒருத்தர் மடிச்சதில்ல. பில்லுல உங்க பேரும் விலாசமும் இருந்துச்சு. தரகர் எங்களுக்குத் தெரிஞ்சவர்."

நான் கீழே பார்த்தேன். என் கை தானாக ஒரு சட்டையை மடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப அந்தப் போட்டோ..."

"மூணையும் நான்தான் கொடுத்தனுப்பினேன்."

கடைசியாக ஒரே ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். என்ன இருந்தாலும் மூன்று பேர் இருந்தார்கள். நான் கை நீட்டும்வரை எதுவும் முடிவாகவில்லை. மற்ற இருவரில் ஒருத்தியை நான் எடுத்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன்.

அவள் மெஷினை மறுபடி ஓட்டினாள். சத்தமில்லாமல் ஓடியது.

"அந்த ரெண்டு பேருக்கும் அப்பவே ஆளுக்கு ரெண்டு குழந்தைங்க."